உயிரோடு இருந்தவருக்கு ஓர் ஒப்பாரி

எங்கள் பாட்டுக் குழுவுக்கு ரொம்ப நாள் பெயரே கிடையாது. தொலைக்காட்சி நிலையத்தில் ஒருவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "குழுவின் பெயர் என்ன?" என்று தெலுங்கில் கேட்டபோதுதான் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உறுமி வாசிக்கும் அண்ணன் என் பக்கம் குனிந்து, "மௌலா அலித் தமிழாளுகன்னு போட்டுக்கிறச் சொல்லும்மா" என்றார். சொன்னேன். அந்த மனிதர் சிரித்துவிட்டு வேறு எதையோ எழுதிக்கொண்டார். ஒளிபரப்பானபோது 'தமிழ் நாட்டுப்புறப் பாடகர்கள்' என்று தெலுங்கு எழுத்தில் வந்தது. அதோடு அதுவே எங்கள் பெயராகிவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம் அது. என் அப்பா வட ஆற்காட்டிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஹைதராபாத்தில், மௌலா அலி ரயில்வே காலனியில். படிப்பு முடிந்ததும் ஏ.எஸ்.ராவ் நகர்ப் பக்கம் இருந்த மின்னணுத் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. டெலிவிஷன் பெட்டிகளுக்கு உள்ளே இருக்கும் தகடுகளில் ஈயப்பற்று வைக்கிற வேலை. பகலெல்லாம் குனிந்து பற்றவைத்துவிட்டு சாயங்காலம் நிமிர்ந்தால் கழுத்து பிடித்துக்கொண்டிருக்கும். பாடினால்தான் சரியாகும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

பாட்டு என்றால் அக்காதான். எனக்கு உடன்பிறந்த அக்கா இல்லை. உறுமி வாசிக்கும் அண்ணனுடைய மனைவி. சிவகங்கைப் பக்கத்துக்காரர்கள். அண்ணன் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். எங்கள் காலனி அம்மன் கோயிலில் ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது அக்கா கும்மிக்கு முதல் அடி எடுத்துக் கொடுப்பாள். ஸ்டேஷனில் நிற்கிற கூட்ஸ் வண்டிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் அந்தக் குரல் கேட்கும். பின்பாட்டுக்கு நானும், என்னோடு வேலை பார்த்த இன்னொரு பெண்ணும். டோலக்குக்குக் காஞ்சன்பாக்கிலிருந்து ஒருவர் வருவார். அங்கே பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. என்ன வேலை என்று கேட்டால், "வேலைதான்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. பேருந்து மாறி, மடியில் டோலக்கை வைத்துக்கொண்டு ஊருக்கு அந்தக் கோடியிலிருந்து வருவார். அவ்வளவுதான் நாங்கள். ஐந்து பேர்.

தொலைக்காட்சியில் சங்கராந்தி நிகழ்ச்சிக்கு எங்களைக் கூப்பிட்டது, கோயில் விழாவுக்கு வந்து கேட்டுவிட்டுப் போன ஒருவர் சொன்னதால். இரண்டு கும்மிப் பாட்டும் ஒரு நடவுப் பாட்டும் பாடினோம். எங்கள் தொழிற்சாலைப் பெட்டியிலேயே எங்களைப் பார்த்தோம். காலனியில் பெட்டி வைத்திருந்தது ஓரிரு வீடுகள்தான். அந்த வீடுகளின் சன்னலெல்லாம் தலைகள். அக்காவின் இரண்டு மகள்களும் தெலுங்குப் பள்ளியில் படித்தவர்கள். சின்னவள் திரையைப் பார்த்துக் கத்தினாள்: "அம்மா, நுவ்வே!" அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "நான்தான்டி, கத்தாத. நானும் கேக்கணும்ல" என்றாள்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் சினிமா டைரக்டர் தேடி வந்தார். இளம் வயது. தாடி. சண்டைக்காட்சி, டூயட் என்றில்லாமல் வேறு மாதிரிப் படம் எடுக்கிற ஆள் என்று சொன்னார்கள். கூடவே தயாரிப்பு மேனேஜர், கையில் தோல்பையோடு. அண்ணன் வீட்டு முன்னறையில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு டைரக்டர் கதை சொன்னார். அணை கட்டுகிற இடத்தில் பல ஊர்க்காரர்களும் வேலை செய்கிறார்கள். அதில் ஒரு தமிழ் மேஸ்திரி. பாறை சரிந்து இறந்துபோகிறார். அவருடைய மகள் அழ வேண்டும். தமிழிலேயே, உண்மையான பாட்டாக இருக்க வேண்டும். ஸ்டூடியோவில் யாரையோ வைத்துப் பாடவைத்து இங்கே வாயசைப்பது வேண்டாம், படம் பிடிக்கிற இடத்திலேயே பதிவு செய்வேன், மகளாக நடிப்பதும் இந்த அம்மாவேதான் என்றார்.

நான்தான் தமிழில் சொன்னேன். அண்ணனின் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கு சினிமா என்றால் உயிர். ஆனால் அக்கா சமையலறை வாசலில் நின்றபடியே தலையை ஆட்டினாள்.

"பாட்டு இருக்குத்தா. ஆனா அதுக்கு ஒருத்தர் செத்திருக்கணும்ல?"

"சினிமாவுல எல்லாம் சும்மாதானடி" என்றார் அண்ணன்.

"சும்மா அழுறதுக்கு வேற யாரையாவது பாக்கச் சொல்லுங்க. உசிரோட இருக்கிற மனுசனப் படுக்கவச்சு ஒப்பாரி வைக்க மாட்டேன்."

நான் இதைத் தெலுங்கில் சொன்னதும் மேனேஜர் உடனே, "ஐயோ அம்மா, ஆளெல்லாம் இல்லை. துணி மூட்டையைக் கட்டிப் பாடையில் வைப்போம். மேலே மாலை. அவ்வளவுதான்" என்றார். அக்கா அதை இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். பிறகு, துணி மூட்டை என்றால் சரி என்றாள்.

செர்லப்பள்ளி தாண்டி ஒரு பழைய கல்குவாரியில்தான் படப்பிடிப்பு. காலையிலேயே வேன் வந்து எங்களை ஏற்றிக்கொண்டது. வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். அக்காவுக்கு ஒரு பழைய நூல்சேலையைக் கொடுத்து, தலையை அவிழ்த்துவிடச் சொன்னார்கள். எங்களுக்கும் அதே மாதிரிச் சேலைகள். அண்ணன் உறுமியை வெயிலில் காட்டிச் சூடாக்கினார். டோலக்குக்கு அன்று வேலை இல்லை என்று தெரிந்தும் காஞ்சன்பாக்காரர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு பாறை நிழலில் உட்கார்ந்திருந்தார்.

பாடையைக் கொண்டுவந்து வைத்தார்கள். பச்சை மூங்கில், தென்னங்கீற்று, செவ்வந்தி மாலை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்போது வேட்டி மட்டும் கட்டிய ஒரு பெரியவர் வந்தார். நரைத்த மார்பு, பெரிய தொப்பை. வந்தவர் பீடியைக் கடைசியாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "சலோ" என்று சொல்லிப் பாடையில் ஏறிப் படுத்துக்கொண்டார். உதவியாளன் ஒருவன் அவருடைய மூக்கில் பஞ்சு வைத்தான்.

அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

"இது என்னத்தா? துணி மூட்டைன்னு சொன்னாக?"

டைரக்டர் ஓடி வந்தார். முகம் தெரியாமல் எடுத்தால் பார்க்கிறவர்களுக்கு மேஸ்திரி இறந்தது மனதில் படாது என்றார். மேனேஜர் எங்கோ பார்த்தபடி நின்றார். அண்ணன் கெஞ்சினார். அக்கா எதையும் காதில் வாங்கிக்கொள்ளாமல் வேன் நிற்கிற பக்கம் நடக்க ஆரம்பித்தாள். நான் பின்னாலேயே போனேன்.

எங்களுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமுகிற சத்தம். திரும்பினால் பிணம் நிற்கிறது. மூக்கில் பஞ்சு, கழுத்தில் மாலை.

"எதுக்கம்மா கோபம்?" என்று கேட்டார். தெலுங்கும் ஹைதராபாத் உருதுவும் கலந்த பேச்சு. மேடை நாடகத்தில் வாழ்க்கை முழுக்க நடித்துவிட்டு, வயதான பிறகு சினிமாவுக்கு வந்தவராம். மற்ற தெலுங்கு நடிகர்கள் மாதிரி மெட்ராஸில் இருந்து பழகியவர் இல்லை. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது.

அக்கா சொன்னதை நான் அவரிடம் சொன்னேன். உயிரோடு இருக்கிறவருக்கு ஒப்பாரி வைத்தால் அவருக்கு ஆகாது என்று அக்கா பயப்படுகிறாள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"ஹவ், ஆமாம், அதைப் பற்றித்தான் என் வீட்டுக்காரியும் சண்டை போடுவாள். அதற்கு ஒரு பரிகாரம் உண்டு அம்மா. சாகிற சீன் முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துப் பெரிதாகச் சிரித்துவிட வேண்டும். அதையும் பிடிப்பார்கள். பூசணிக்காய் உடைப்பார்கள். தோஷம் போய்விடும். எத்தனையோ தடவை செத்துவிட்டேன். பாருங்கள், நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று தொப்பையைத் தட்டிக் காட்டினார்.

அதைச் சொன்னேன். அக்கா அவரைக் கையால் காட்டினாள்.

"அவுக சிரிச்சுட்டுப் போயிருவாக. பாடுன நான் என்ன செய்யிறது? அதைக் கேளு."

கேட்டேன். அவர் உள்ளங்கைப் பஞ்சை உருட்டிக்கொண்டே தரையைப் பார்த்தார். பிறகு, "அது எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு இஷ்டம் இல்லையென்றால் பாட வேண்டாம். நான் டைரக்டரிடம் சொல்கிறேன். என்னால் முடியவில்லை, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுகிறேன். பழி உங்கள்மேல் வராது" என்றார்.

அதை மொழிபெயர்த்தபோது அக்காவின் முகம் மாறியது. அப்படி ஒரு பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. வேனுடைய படியில் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவள் எனக்கு அதைச் சொன்னாள். அவளுடைய அப்பா இறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. தந்தி தாமதமாக வந்து, சிக்கந்திராபாத்தில் ரயில் பிடித்து, மெட்ராஸில் வண்டி மாறி அவள் போய்ச் சேர்ந்தபோது பால் தெளித்து முடித்திருந்தார்கள். எனக்கு அவள் போய்வந்தது தெரியும். ஆனால் இது தெரியாது.

"எல்லாரும் அழுது முடிச்சிருந்தாகத்தா. அவுகவுக வேலையப் பாக்கப் போயிட்டாக. என் தங்கச்சி கோழிக்குத் தீனி போட்டுக்கிட்டு இருந்தா. நான் ஒருத்தி மட்டும் எங்கிட்டு உக்காந்து ஆரம்பிக்கிறது? பாடாமலேயே திரும்பி வந்துட்டேன்."

பிறகு எழுந்து முடியை மறுபடி அவிழ்த்துவிட்டுக்கொண்டாள். "அவுககிட்டச் சொல்லு. இது அவுகளுக்கு இல்லன்னு சொல்லு. எங்க அய்யாவுக்குப் பாடப்போறேன். அவுக சும்மா படுத்திருந்தாப் போதும்."

பெரியவர் அதைக் கேட்டு, இரண்டு கையையும் கூப்பினார்.

அண்ணன் உறுமியின் தோலைக் குச்சியால் தேய்த்தார். அது அடிவயிற்றிலிருந்து முனகுகிற மாதிரி ஒரு சத்தம். நாங்கள் பாடையைச் சுற்றி உட்கார்ந்தோம். அக்கா தலைமாட்டில். கேமராக்காரர் கையை உயர்த்தினார். அக்கா பாடையின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள். குவாரியில் காற்று மட்டும். டைரக்டர் அவசரப்படுத்தவில்லை. பிறகு அவள் மார்பில் ஒரு கையை வைத்து இழுத்தாள்.

"தந்தி வந்து சேருமுன்னே
தலமாட்டு வெளக்கணைஞ்சு போச்சுதய்யா
சிக்கந்திராபாத் டேசனில
சீட்டெடுத்து நின்னேனே
ரயிலுக்கொரு றெக்கையில்ல - என்னைப் பெத்த அய்யா
நான் ராப்பகலா வந்தேனே
பால் தெளிச்சு முடிச்சாக - பாவி மக
படியேறி வந்தேனே..."

நாங்கள் ஒத்திகை பார்த்த பாட்டு இது இல்லை. பின்பாட்டு எங்கே எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பின்பாட்டுத் தோழி என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் 'என்னைப் பெத்த அய்யா' என்ற இடத்தில் மட்டும் சேர்ந்துகொண்டேன். அண்ணன் அக்காவைப் பார்க்காமல் உறுமியை மட்டுமே பார்த்துக்கொண்டு வாசித்தார். அவருக்கும் அது புதிதாகத்தான் இருந்திருக்க வேண்டும். அக்கா அடி மேல் அடியாகக் கட்டிக்கொண்டே போனாள். அப்பா நட்ட முருங்கை, அவர் வாங்கிக் கொடுத்த மூக்குத்தி, கோழிக்குத் தீனி போட்ட தங்கச்சி, எல்லாம் வந்தது.

"கட்" என்று கேமராக்காரர்தான் சொன்னார். மெதுவாக, வருத்தத்தோடு. அவர் விரலால் காட்டிய இடத்தை எல்லோரும் பார்த்தோம். பிணத்தின் மூடிய கண்களிலிருந்து கண்ணீர் காதுவரைக்கும் வழிந்து மாலையை நனைத்திருந்தது.

பெரியவர் எழுந்து உட்கார்ந்து பஞ்சை எடுத்தார். "மன்னிக்கணும், தப்பாகிவிட்டது" என்று டைரக்டரிடம் சொன்னார். எத்தனையோ வருஷ நடிகர், ஒரு சீனைக் கெடுத்துவிட்டோமே என்று உண்மையாகவே வெட்கப்பட்டார். அக்கா பக்கம் திரும்பி, "எனக்கு இரண்டே சொல்தான் புரிந்தது அம்மா. சிக்கந்திராபாத், ரயில். என் மகள் நாக்பூரில் இருக்கிறாள். நான் போனால் அவளும் ரயிலேறித்தான் வர வேண்டும்" என்றார்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மண்பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு முதலில் அவரிடம் கொடுத்தாள்.

இன்னொரு முறை எடுக்கலாமா என்று டைரக்டர் என் காதோடு கேட்டார். நான் அக்காவைக் கேட்டேன். "இன்னொரு தடவை வராதுத்தா" என்றாள். அவர் மறு பேச்சுப் பேசவில்லை. குரலை இதிலிருந்தே எடுத்துக்கொள்வதாகவும், பிணத்தின் முகத்தைத் தனியாகப் பிடித்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். பெரியவர் மறுபடி படுத்தார், பிடித்தார்கள், எழுந்தார், கேமராவைப் பார்த்துச் சிரித்தார். பூசணிக்காய் உடைத்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு அவ்வளவு பெரிதாக இல்லை.

படம் வந்தபோது சிக்கந்திராபாத்தில் ஒரு தியேட்டரில் எல்லோரும் சேர்ந்து போய்ப் பார்த்தோம். அண்ணன் பணிமனையில் பாதிப் பேருக்குச் சொல்லி வைத்திருந்தார். அக்காவின் முகம் திரை முழுக்க வந்தது. முதல் இரண்டு அடி கேட்டது. அதற்குமேல் வயலின்கள் வந்து மூடிவிட்டன. அப்புறம் அணை, அப்புறம் வேறு சீன். அண்ணன் இருட்டில் இருக்கையின் நுனிக்கு வந்து, இன்னும் வரும் இன்னும் வரும் என்று காத்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் அவர் எங்களுக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தார். அக்காதான், "வெட்டுனது நல்லதுதான். அம்புட்டையும் கேட்டா படம் பாக்க வந்தவுக எந்திரிச்சுப் போயிருப்பாக" என்று அவரைச் சமாதானப்படுத்தினாள்.

ஆனால் அந்த இரண்டு அடி வேறு விதமாக எங்களைப் பாதித்தது. காலனியில் பேச்சு கிளம்பியது. சாவுப் பாட்டைச் சாவு இல்லாத இடத்தில் பாடியவள் என்றார்கள். அதற்கு முன்பு வளைகாப்பு, சடங்கு, நலங்கு எதுவானாலும் அக்காவை வந்து அழைப்பார்கள். அது ஒன்று ஒன்றாக நின்றது. யாரும் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. "இந்தத் தடவை சின்னதாத்தான் பண்றோம்" என்பார்கள். மறுநாள் அந்த வீட்டில் ரிகார்டு போட்டிருப்பது தெருமுனைவரை கேட்கும். ஆடிக் கூழுக்கு மட்டும் அக்கா போனாள். கும்மியில் முதல் அடி எடுக்க வேறொருத்தி முன்னால் வந்துவிட்டாள். அக்கா வட்டத்தில் ஒருத்தியாகக் கைதட்டிவிட்டு வந்தாள். அண்ணன் உறுமியை உறையில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சிக்கந்திராபாத் தமிழ்க் குடும்பம். நலங்குக்கு அக்காதான் பாட வேண்டும் என்று நான் சொன்னதும் அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னாடி பேசற நீ? ஊர் வாய் சும்மா இருக்குமா? நாளைக்கு உனக்கு ஒன்னுன்னா என்னைத்தான கேப்பாங்க?"

"அக்கா பாடலைன்னா யாரும் பாட வேணாம்" என்றேன். அம்மா அழுதாள். நானும் அழுதேன். அப்பா நடுவில் செய்தித்தாளோடு எழுந்து வெளியே போய்விட்டார்.

அக்காவிடம் போய்ச் சொன்னால், அவள் எனக்கே புத்தி சொன்னாள். "அம்மாவ நோகடிக்காதத்தா. நான் வாரேன். பின்னால உக்காந்து உன்னையக் கண்ணாரப் பாத்துட்டு வாரேன். பாட்டு என்ன பாட்டு." அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கே போனார் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

கல்யாணம் ரயில்வே காலனி மண்டபத்தில். முகூர்த்தம் முடிந்து, நலங்குக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து பட்டு வேட்டியும் பெரிய தொப்பையுமாக அந்த நடிகர் இறங்கினார். பின்னால் அவருடைய மனைவி. அவர்களுக்குப் பின்னால், உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டு அண்ணன். விலாசம் விசாரித்துச் சிக்கடபள்ளியில் அவர் வீட்டைக் கண்டுபிடித்து அண்ணன் போய் நேரில் அழைத்திருக்கிறார். எந்த மொழியில் பேசிப் புரியவைத்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அம்மா என் காதில், "இவரு அந்தப் படத்துல செத்துப்போனவரு இல்ல?" என்றாள். யாரோ அதை அவருக்குத் தெலுங்கில் சொல்லிவிட்டார்கள். "ஹவ் அம்மா, நான்தான் அந்தப் பிணம்" என்று உருதுவில் சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். குவாரியில் வராத சிரிப்பு. யாரோ லட்டுத் தட்டை நீட்டினார்கள். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். "என்னை அழவைத்த அம்மா எங்கே? இன்றைக்குச் சிரிக்கவைக்கட்டும்" என்றார்.

பின்வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் அக்கா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு வெற்றிலைத் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். "வாம்மா, வந்து பாடு" என்று அக்காவின் கையில் கொடுத்தாள். அந்த ஒரு காரியத்துக்காக நான் அம்மாவிடம் அதற்குப் பிறகு எதற்கும் கோபித்துக்கொண்டதில்லை.

அக்கா பாடினாள். மாப்பிள்ளையைக் கேலி செய்கிற பாட்டு. அங்கேயே கட்டியது.

"மாப்பிள்ளை வந்தாரு மௌலாலி டேசனுக்கு
மஞ்சப்பை தொலைச்சிட்டு மலைச்சு நின்னாரு
பொண்ணெங்கே பொண்ணெங்கேன்னு பொலம்பித் தீத்தாரு
டீவிப் பொட்டிக்குள்ள தேடிப் பாரு மச்சான்!"

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. காஞ்சன்பாக்காரர் டோலக்கில் ஒரு வெட்டு வெட்டினார். மாப்பிள்ளை வீட்டார் விட்டுக்கொடுக்காமல் எதிர்ப்பாட்டு எடுத்தார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் நடிகரின் மனைவி அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். "அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு மகளைப் பார்க்க நாக்பூர் கிளம்பிவிட்டார் அம்மா. இப்போதெல்லாம் பண்டிகைக்குப் பண்டிகை போய்விடுகிறார். படப்பிடிப்பு இருந்தாலும் கேட்பதில்லை" என்றார். அக்கா இலையைப் பார்த்துக்கொண்டே, "நல்லாருக்கட்டும்" என்றாள்.

அதற்குப் பிறகு காலனியில் பேச்சு அடங்கியது. வளைகாப்புகளுக்கு மறுபடியும் ஆள் வந்து அழைத்தார்கள். தொலைக்காட்சியிலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது எங்கள் முகம் தெரிந்தது. இன்னும் இரண்டு படங்களில் வந்தோம். ஒன்றில் கல்யாணக் கூட்டமாக. இன்னொன்றில் எங்கள் பகுதி முழுவதும் வெட்டுப்பட்டுப் போய்விட்டது. அதற்காக யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை.

சில வருஷம் கழித்துக் காஞ்சன்பாக்காரருடைய அம்மா இறந்துபோனார். அவரோடு குவார்ட்டர்ஸில் இருந்தவர். செய்தி கேட்டு நாங்கள் போனபோது, சுற்றிலும் எல்லா மாநிலத்துக் குடும்பங்களும் வாசலில் அமைதியாக நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே சத்தமே இல்லை. அவர் அம்மாவின் கால்மாட்டில் வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்போதும் பேசாத மனிதர், அன்று அக்காவைப் பார்த்ததும் பேசினார்.

"அக்கா, எங்கம்மாவுக்குப் பாடுவீங்களா? இங்க யாரும் பாட மாட்டாங்க. எனக்கு அழவும் வரல."

அக்கா தலைமாட்டில் உட்கார்ந்தாள். அன்று பின்பாட்டு எங்கே எடுப்பது என்று எனக்குத் தெரிந்திருந்தது. பாட்டின் நடுவில் அவர் உடைந்து அழுதார். வாசலில் நின்றவர்கள் தடுக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் காஞ்சன்பாக்காரருடைய தங்கை பெங்களூரிலிருந்து வந்து இறங்கியதும் அக்கா அவளையும் கட்டிப்பிடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மறு மாதம் தொலைக்காட்சி நிலையத்தில் எங்களுக்கு ஒரு பதிவு ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அவர் வருவாரோ மாட்டாரோ என்று இருந்தோம். டோலக்கோடு சரியான நேரத்துக்கு வந்துவிட்டார். மழித்த தலை. விளக்கு வெளிச்சத்தில் அது பளபளக்கிறது என்று மேக்கப்காரர் கவலைப்பட்டார். பவுடர் போட்டார், போதவில்லை. மறுபடி போட்டார். கடைசியில் அண்ணன் தன் துண்டை எடுத்து அவருக்குத் தலைப்பாகை கட்டிவிட்டார். அது சாய்ந்து ஒரு காதை மூடியது. அக்கா அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. அவருமே சிரித்துவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தயாரிப்பாளர், "ரெடியா, ரெடியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சிரித்து ஓய்ந்த பிறகுதான் கும்மிக்கு முதல் அடி எடுத்தோம்.